கதவு: டெரிக் லார்ட்டர்

இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்து லோஸ்டாஃப்ட் ஊரில் 'ஹெர்ரிங் கேட்ஸ்' என்று ஒரு ராக்கபில்லிக் குழு இருந்தது. ராக்கபில்லி என்றால் ஐம்பதுகளில் அமெரிக்கத் தெற்கில் பிறந்த துள்ளல் பாட்டு. நடுநடுவே ப்ளூஸும் வாசிப்பார்கள். அவர்களுடைய பழைய ரெக்கார்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் டெரிக் லார்ட்டர் என்று சொல்லிப் பாருங்கள், உடனே முகம் மலர்ந்து, "யாரு, கதவு டெரிக்கா?" என்பார்கள். டெரிக் டிரம் அடிப்பவர். அது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதிக்குத் தெரிந்தும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

டெரிக் டிரம் அடிக்கக் கற்றுக்கொண்டது மெதடிஸ்ட் சர்ச்சின் சிறுவர் அணியில். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் முன்னால் போகும் டிரம் அவருடையது. ஊர்வலம் திரும்பவேண்டிய தெருவில் திரும்பியபோது, அடிக்கிற மும்முரத்தில் இவர் மட்டும் நேராகத் துறைமுகம் வரைக்கும் போய்விட்டு வந்ததாக ஒரு பேச்சு உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. பள்ளி முடிந்ததும் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை கிடைத்தது. பாலீனைக் கல்யாணம் செய்துகொண்டார். பாலீன் பட்டாணியை உறையவைத்துப் பெட்டியில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தார். அந்த வீட்டில் மட்டும் பட்டாணி சமைப்பதில்லை.

குழுவை ஆரம்பித்தவர் ட்ரெவர் கேஸ். பகலில் கார்ப்பெட் விற்பார், மாலையில் பாடுவார். முன்முடியைத் தூக்கி வாரி, அரை டப்பா பொமேடு போட்டு நிறுத்தியிருப்பார். கடல் காற்று ஓயாத ஊரில் அந்த முடியோடு கடைத்தெரு போய் வருவதே தனி உத்தியோகம். அமெரிக்காவின் அர்கன்சா மாகாணத்துப் பருத்திக்காட்டில் பிறந்தவர் மாதிரி பாடுவார். மேற்கே அவர் போன அதிகபட்ச தூரம் இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கிற ஸ்விண்டன், அதுவும் ஓர் அத்தை இறந்ததற்கு. டபுள் பாஸ் என்ற ஆள் உயரத் தந்தி வாத்தியத்தை அறைந்து அறைந்து வாசிப்பவர் மால்கம் உட்டிங், தபால்காரர். கிட்டார் லென்னி கேட்ச்போல். லென்னி பேசமாட்டார். பேசினாலும் கிட்டாரைப் பற்றித்தான் பேசுவார்.

எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்து முழுக்க இந்தப் பித்து பிடித்திருந்தது. கப்பல் பட்டறைப் பையன், பேக்கரிப் பையன் எல்லாரும் முடியைத் தூக்கி வாரிக்கொண்டு, தாங்கள் பிறப்பதற்கு முன்னால் வந்த அமெரிக்கப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். யார் அசல், யார் போலி என்பதுதான் அப்போது பெரிய சண்டை. அந்தச் சமயத்தில் இப்ஸ்விச் சந்தையில் ரெக்கார்டு விற்கிற ஒருவர் ட்ரெவர் காதில் ஒரு விஷயத்தைப் போட்டார். உண்மையான ராக்கபில்லியில் டிரம் கிடையாது, ஆரம்ப காலத்து ரெக்கார்டுகளில் பாட்டும் கிட்டாரும் பாஸும்தான், டிரம் பின்னால் வந்து நுழைந்து எல்லாவற்றையும் கெடுத்தது என்றார். ட்ரெவர் ஞானஸ்நானம் வாங்கினவர் மாதிரி ஊர் திரும்பினார்.

ஆனால் டெரிக்கை விலக்க முடியாது. குழுவின் வேன் அவருடையது. பழைய ரொட்டி வண்டி, அவர் கைபட்டால்தான் கிளம்பும். தவிர, மேடையில் டிரம் இல்லாவிட்டால் ஜோடி போட்டு ஆட வருகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே மேடையில் டிரம் உண்டு, ரெக்கார்டில் கிடையாது என்று தீர்மானமாயிற்று. தீர்மானித்தது ட்ரெவர். மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். டெரிக் வேனை ஸ்டார்ட் செய்தார்.

அன்றிலிருந்து ஹெர்ரிங் கேட்ஸ் போட்ட ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் டெரிக் போனார். வண்டி ஓட்டினார், பாஸைத் தூக்கினார், வெளிநடையில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார், திரும்ப வண்டி ஓட்டினார். உறையில் போடுகிற படத்தில் மட்டும் நடுவில் நிற்பார், மற்ற மூவரையும்விட அவருக்குத்தான் முகம் களையாக இருக்கும். படத்தில் இருந்தார், பாட்டில் இல்லை.

பாலீன் அந்த ரெக்கார்டு எதையும் கேட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏன் என்று டெரிக் கேட்டார்.

"எதுக்குக் கேக்கணும்? ட்ரெவர் கத்துறத கார்ப்பெட் கடையிலயே கேட்டுட்டேன்" என்றார் பாலீன். "உனக்கு இதுல என்னதான் வேணும், டெரிக்?"

டெரிக் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் கொஞ்ச நேரம் நசுக்கினார். "நான் அடிக்கிறத யாராவது உக்காந்து கேக்கணும். ஆடறதுக்காக இல்ல. கேக்கறதுக்காக. ஒரே ஒரு பாட்டு போதும்."

பாலீன் கேலி செய்ய வாயெடுத்தவர் செய்யவில்லை. குழம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த வருஷம் ட்ரெவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. 'கோரா வீட்டு அடுக்களை' என்று ஒரு பாட்டு. அர்கன்சாவில் யாரோ ஒருவன் 1955ல் பாடி, சொற்பப் பிரதி மட்டும் போட்டு, பிறகு அவனும் காணாமல் போய், பாட்டும் காணாமல் போயிருந்தது. ட்ரெவர் அதை அப்படியே, ஒரு மயிரிழை பிசகாமல் பதிவு செய்யவேண்டும் என்று முடிவெடுத்தார். மயிரிழை என்றால் மயிரிழைதான். மூலத்தில் கிட்டார்க்காரன் இரண்டாவது தனி வாசிப்பில் ஓர் இடத்தில் விரல் தடுக்கித் தப்பான ஸ்வரம் தொட்டிருந்தான். லென்னி அந்தத் தப்பை வீட்டில் வாரக்கணக்கில் பயிற்சி செய்தார். சரியான தப்பு சாமான்யமாக வராது, கை நல்லதுக்கே போகும் என்று வருத்தப்பட்டார். அவர் அந்த மாதம் பேசியது அது ஒன்றுதான்.

பிரச்சினை வேறோர் இடத்தில் வந்தது. கடைசிச் சரணத்துக்கு முன்னால், மூலத்தில் யாரோ இருமியிருந்தார்கள். பாடகன் இல்லை, அவன் அப்போது மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறான். அறையில் இருந்த யாரோ ஒருவன். அந்த இருமல் இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை என்றார் ட்ரெவர். பாடுகிறவரும் வாசிக்கிறவர்களும் வேலையாக இருப்பார்கள். மிச்சம் இருப்பது ஒருவர்.

"இந்த ரெக்கார்டுல நீயும் இருக்கடா" என்று டெரிக்கின் தோளைத் தட்டினார் ட்ரெவர். மனுஷன் மனமார, சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் டெரிக்குக்கு அதிகமாக வலித்தது.

ஆனாலும் ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பாலீனிடம் சொன்னபோது அவமானமாக இருந்தது, ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு ஓர் இருமல் மேல் என்றும் இருந்தது. அமெரிக்கத் தென் மாகாணத்து ஆள் இருமுகிற மாதிரி இருமப் பழகினார். குளியலறையில் இருமினார், பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு இருமினார். டிப்போ மேனேஜர் மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டு வேலைக்கு வரச் சொன்னார். பாலீன் இருமல் மருந்து பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்தார். "தொழிலக் கெடுத்துறப் போகுது" என்றார்.

அவர்கள் பதிவு செய்கிற இடம் மிஸஸ் மாப்ஸ் என்ற விதவையின் வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய ஞாயிற்றுப் பள்ளிக்கூட அறை. அவருடைய கணவர் பித்தளை வாத்தியக் குழுக்களைப் பதிவு செய்தவர். அவர் போன பிறகு டேப் மெஷினும் மைக்கும் மிஸஸ் மாப்ஸ் கைக்கு வந்தன. ட்ரெவருக்கு அந்த அறை கோயில். காரணம், அங்கே இருந்தது ஒரே ஒரு மைக். அந்தக் காலத்து முறை அதுதான். அறை நடுவில் மைக்கை வைத்துவிட்டு ஆட்களை அங்கும் இங்கும் நிறுத்துவார்கள். ஒருவர் சத்தம் அதிகம் கேட்டால் குமிழைத் திருகுவது கிடையாது, அவரைப் பின்னால் தள்ளி நிற்கச் சொல்வார்கள். கேட்கவில்லை என்றால் கிட்டே வரச் சொல்வார்கள். மிஸஸ் மாப்ஸ் தலையில் ஹெட்ஃபோனும் மடியில் பின்னலுமாக உட்கார்ந்துகொண்டு, ஊசியால் கை காட்டியே ஆட்களை நகர்த்துவார்.

முதல் தடவை பாடினார்கள். டெரிக் மூலையில் நின்று, இடம் வந்ததும் இருமினார். மிஸஸ் மாப்ஸ் ஹெட்ஃபோனைக் கழற்றிக் காதைத் தேய்த்துக்கொண்டார். "கண்ணு, உன் நெஞ்சு பலமான நெஞ்சு. கொஞ்சம் தள்ளிப் போ" என்றார். டெரிக் தள்ளிப் போனார். இன்னும் என்று ஊசி காட்டியது. கடைசியில் அறையைவிட்டே வெளியேறி, எந்தப் பெஞ்சில் இத்தனை வருஷம் டீ குடித்தாரோ அந்த நடையில் போய் நின்றார். கதவைப் பாதி திறந்து வைத்தார்கள்.

இரண்டாவது தடவை இருமல் கச்சிதமாக விழுந்தது. ஆனால் லென்னி தப்பு செய்யவேண்டிய இடத்தில் சரியாக வாசித்துவிட்டார். ட்ரெவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். லென்னி மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாவது தடவை. டெரிக் பாதி திறந்த கதவில் சாய்ந்துகொண்டு, தன் இடத்துக்காகக் காத்திருந்தார். உள்ளே பாஸ் டக்கு டக்கென்று நடந்தது. மால்கமுக்கு ஒரு பழக்கம், இரண்டாவது சரணத்தில் கொஞ்சம் ஓட ஆரம்பிப்பார். மேடையில் அவரைப் பிடித்து நிறுத்துவது டெரிக் வேலை. கை சும்மா இருக்கவில்லை. விரல் கணு கதவுப் பலகையில் விழுந்தது. மால்கம் ஓடவில்லை. ட்ரெவர் குரலை விரட்டாமல் சாவகாசமாக உட்கார்ந்து பாடினார். லென்னி தப்பை அழகாகச் செய்தார். டெரிக் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பலகையில் அடித்துக்கொண்டே இருந்தார். இருமவேண்டிய இடம் வந்தது, போனது. அவருக்கு ஞாபகமே இல்லை.

டேப்பைத் திரும்ப ஓட்டிக் கேட்டார்கள். பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் சங்கடம். இத்தனை வருஷத்தில் அவர்கள் செய்ததிலேயே அதுதான் நன்றாக இருந்தது.

"இருமல் எங்க?" என்றார் ட்ரெவர்.

"மறந்துட்டேன்" என்றார் டெரிக்.

"பின்னாடி டொக்கு டொக்குன்னு என்ன அது?"

"அது நான். கதவு."

ட்ரெவர் சிகரெட்டை எடுத்தார், பற்றவைக்கவில்லை. இன்னொரு தடவை எடுக்கலாம், கதவைச் சாத்திவிட்டு, என்றார். மிஸஸ் மாப்ஸ் பின்னலிலிருந்து தலை தூக்காமல், எடுக்கலாம், ஆனால் இதைவிட நன்றாக நீங்கள் வாசிக்கப் போவதில்லை என்றார்.

டெரிக் நடையிலிருந்து அறைக்குள் வந்தார். அவர் குரல் உயரவில்லை. "ட்ரெவர், இத்தன வருஷமா உன் எல்லாப் பாட்டையும் நான் வெளிய நின்னு கேட்டிருக்கேன். ஒண்ணுலகூட நான் இல்ல. இதுல இருக்கேன். இத நீ அழிச்சா நான் வேன எடுத்துட்டுப் போயிருவேன். கோவத்துல சொல்லல. போயிருவேன், அவ்வளவுதான்."

"டிரம் கூடாதுங்கறது என் விதி இல்லடா" என்றார் ட்ரெவர். அவர் கண் கலங்கியிருந்தது. "பாட்டோட விதி."

அதுவரை பாஸைக் கட்டிக்கொண்டு நின்ற மால்கம் மெதுவாகச் சொன்னார்: "கதவு டிரம் இல்லையேப்பா."

ட்ரெவர் கதவிடம் போனார். மேலும் கீழும் பார்த்தார், கீல்களைத் தொட்டுப் பார்த்தார். "மிஸஸ் மாப்ஸ், இந்தக் கதவு எப்ப போட்டது?"

"போருக்கு முன்னாடி, கண்ணு. எங்க மாமனார் போட்டது."

"ஒட்டுப்பலகை இல்லையே?"

"முழுப் பைன் மரம்."

ட்ரெவர் நிம்மதியாக சிகரெட்டைப் பற்றவைத்தார். உலகப் போருக்கு முந்தைய முழுப் பைன் மரம் 1955க்குப் பொருந்துகிறது. அதில் போலி ஒன்றும் இல்லை. இருமலை விட்டுக்கொடுத்தது மட்டும் அவருக்குக் கடைசிவரை உறுத்திக்கொண்டிருந்தது.

ரெக்கார்டு வெளிவந்தது. உறையின் பின்பக்கம், வாத்தியங்கள் வரிசையில், 'கதவு: டெரிக் லார்ட்டர்' என்று போட்டிருந்தார்கள். பாலீன் முதல் தடவையாகத் தூசி தட்டி ரெக்கார்டு பிளேயரைத் திறந்தார். கேட்டு முடித்துவிட்டு, நல்லாருக்கு என்றார். பிறகு, கதவுதான் என்றாலும் நல்லாருக்கு என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். டெரிக் சிரிப்பில் கொஞ்சம் குறைந்தது.

அந்தப் பாட்டு ஓடியது. நார்விச்சில் ஓடியது, லண்டனில் ஓடியது, ஹாலந்திலும் ஃபின்லாந்திலும் ஓடியது. எல்லா ஊரிலும் மேடைக்குக் கீழே இந்தப் பித்துக்குளிகள் நின்றார்கள். அவர்களுக்கு ரெக்கார்டில் கேட்டது அப்படியே மேடையில் கேட்கவேண்டும். டெரிக் அந்தப் பாட்டை டிரம்மில் அடித்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெட்டியில் அடித்துப் பார்த்தார், பெட்டி சரியில்லை என்றார்கள். வேறொரு கதவில் அடித்தார், அது வேறு கதவு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ட்ரெவர் மிஸஸ் மாப்ஸிடம் போய், புதுக்கதவு ஒன்றைப் போட்டுக்கொடுத்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

ரொட்டி வண்டியில் கதவு முதலில் ஏறும். அதன்மேல் பாஸ், அதன்மேல் கிட்டார் பெட்டி. அதற்குப் பிறகு டிரம்முக்கு இடம் இல்லை. டிரம் டெரிக் வீட்டு மாடிப்படிக்கு அடியில் போயிற்று. பாலீன் அதன்மேல் இஸ்திரித் துணிகளை வைத்தார். ஒரே ஒரு பாட்டிலாவது தன் டிரம் கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்ட மனுஷனுக்கு, மேடையில் இருந்ததும் போயிற்று. இதை யாரிடம் சொல்லி அழ? எல்லாரும் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

இருபது வருஷத்துக்கு மேல் டெரிக் ஐரோப்பா முழுக்க அந்தக் கதவைச் சுமந்தார். சுங்கத்தில் நிறுத்தி, வீடு மாற்றுகிறீர்களா என்று கேட்பார்கள். ஜெர்மனியின் பிரெமனிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து கீல்களை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார். ரசிகர்கள் டெரிக்கின் கையைக் குலுக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார்கள், விரல் கணுவைப் பார்ப்பார்கள். பாவம், அன்பாகத்தான் செய்தார்கள். அவருக்கு அவர்களைப் பிடிக்கவும் செய்தது. ஆனால் ஒவ்வொரு கைகுலுக்கலுக்குப் பிறகும், வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்ட மாதிரி இருக்கும் என்று ஒருமுறை பாலீனிடம் சொன்னார்.

கடைசியில் ஒரு வசந்த காலத்தில் அவர்கள் வீட்டுக் கழிப்பறைக் கதவு உளுத்துப்போயிற்று. புதுக்கதவு வாங்கவேண்டும் என்று பாலீன் சொல்லிக்கொண்டே இருந்தார். டெரிக் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்த வார இறுதியில் யார்மத் பக்கத்து விடுமுறை முகாமில் ராக்கபில்லித் திருவிழா. வெள்ளிக்கிழமை காலை டெரிக் வேனிலிருந்து கதவை இறக்கினார், அடியில் கொஞ்சம் இழைத்தார், மாட்டினார். சரியாகப் பொருந்தியது. பிறகு மாடிப்படிக்கு அடியிலிருந்த இஸ்திரித் துணிகளைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு, டிரம்மைத் துடைத்து வண்டியில் ஏற்றினார். பாலீன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

முகாமின் பெரிய கூடத்தில் கூட்டம் நெரிந்தது. ட்ரெவருக்கு இப்போது முடி குறைந்துவிட்டது, இருந்ததைத் தூக்கி வாரியிருந்தார். மேடையில் டிரம்மைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்தது.

"கதவு எங்கடா?"

"வீட்டுல இருக்கு."

"வீட்டுல என்ன பண்ணுது?"

"கதவா இருக்கு" என்றார் டெரிக். "வாசிக்கலாமா?"

வேறு வழியில்லை. 'கோரா வீட்டு அடுக்களை' வந்தது. டெரிக் அடித்தார். கதவில் அடித்த மாதிரி அடிக்கவில்லை. இத்தனை வருஷமாக மனதுக்குள் எப்படி அடித்துக்கொண்டிருந்தாரோ அப்படி அடித்தார். ஆடுகிறவர்கள் ஆடினார்கள், அவர்களுக்கு எது அடித்தாலும் ஒன்றுதான். மற்றவர்களில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டார்கள். சிலர் பியர் வாங்கப் போனார்கள். லென்னி தன் தப்பைச் செய்தார். மால்கம் இரண்டாவது சரணத்தில் ஓடப் பார்த்தார், டெரிக் பிடித்து நிறுத்தினார். பாட்டு முடிந்ததும் ட்ரெவர் திரும்பிப் பார்க்காமல், அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னார்.

நிகழ்ச்சி முடிந்து டெரிக் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் மேடையோரம் வந்து நின்றார். ஸ்டாக்போர்ட்டிலிருந்து வந்தவர், நெவில் என்று பெயர், சட்டை முழுக்க பேட்ஜ். கோபத்தை அடக்கிக்கொண்டு மரியாதையாகப் பேசினார்.

"மன்னிக்கணும். 'கோரா'வ நீங்க தப்பா அடிச்சீங்க."

"தப்பாவா?"

"முதல் சரணத்துலயே நீங்க அழுத்தத்த முன்னாடி கொண்டுவந்துட்டீங்க. ரெண்டாவதுல பாஸ் ஓடறப்ப ரெண்டு இடத்துல நிறுத்துனீங்க, ரெக்கார்டுல நிறுத்தம் கிடையாது. கிட்டார் தனியா வர்ற இடத்துல கம்பி பிரஷ்ஷ விட்டுட்டுக் குச்சி எடுத்தீங்க. கடைசிச் சரணத்துக்கு முன்னாடி டிரம்ம ஒரு உருட்டு உருட்டுனீங்க பாருங்க, அது எங்கயுமே இல்ல."

டெரிக் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார்.

"அந்த உருட்டு," என்றார், "நீளமாப் போச்சா?"

"கொஞ்சம் நீளம்தான்."

"உக்காருங்க" என்றார் டெரிக். பாலீனைப் பார்த்து, இவருக்கு ஒரு பியர் வாங்கி வரமுடியுமா என்று கேட்டார். பிறகு ஸ்டூலை நெவில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார். "ஒண்ணு விடாம சொல்லுங்க."